வெள்ளிக் கோளில் எரிமலைக் குழம்பு எவ்வாறு ஓடுகின்றது?

சென்ற தவணையில் கோள்களின் தமிழ்ப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்த வேளை, மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினா எழுப்பினாள். "ரீச்சர், வெள்ளி அவ்வளவு சூடு என்றால் அங்கே எரிமலைக் குழம்பு ஆறவே ஆறாதா?" நாமும் சற்றும் சிந்தியாது, "ஆம், சூடு மிகுதியாதலால் அது ஆறாமல் நெடுந்தூரம் ஓடும்" என்று விடை பகர்ந்துவிட்டோம். வீடு சென்று நூல்களைப் புரட்டியபோது அவ்விடை பாதிதான் சரியென்பது தெரியவந்தது. வகுப்பிலே கூறிய பிழையை வகுப்போடு மறந்துவிடுதல் முறையன்று. ஆகவே பெற்றோரும் படிக்கும் இம்மலரிலேயே அதனைத் திருத்த முனைகின்றோம்.

விடிவெள்ளி என்று நம் முன்னோர் கண்டு மகிழ்ந்த அக்கோள் பருமனில் ஏறக்குறையப் பூமியை ஒத்தது. ஒப்புமை அத்துடன் முடிந்துவிடுகிறது. அதன் தரையிலே வெப்பநிலை ஏறத்தாழ 465 பாகை செல்சியசு, ஈயம் உருகிவிடும். காபனீரொட்சைட்டு நிறைந்த வளிமண்டலத்தின் அமுக்கம் பூமியில் உள்ளதைப்போல் 92 மடங்கு. முகில்கள் கோள் முழுவதையும் மூடியிருப்பதால் தொலைநோக்கியினால் தரையைக் காண இயலாது. 1990ஆம் ஆண்டு அங்கு சென்றடைந்த மகெல்லன் விண்கலம் முகிலை ஊடுருவும் றேடார் அலைகளைக் கொண்டு, 1994 வரையில் தரையின் நூற்றுக்கு 98 பங்கைப் படமாக்கிற்று. எரிமலைகளும், உறைந்த குழம்பு பரவிய சமவெளிகளுமே எங்கும் தென்பட்டன. அதற்கு முன்னரே, 1982இல், சோவியத் நாட்டின் வெனேரா 13, வெனேரா 14 ஆகிய கலங்கள் தரையில் இறங்கி மண்ணை ஆராய்ந்து, அது பூமியின் பசாற்றுப் பாறையை ஒத்ததெனக் காட்டியிருந்தன.

குழம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு முதற் காரணம் அதன் பிசுக்குமை. நல்லெண்ணெயைச் சாய்ந்த தட்டில் ஊற்றினால் உடனே வழிந்தோடும். தேன் சற்றுத் தயங்கும். தொதல் பதத்திற்கு வந்த பாகோ அகப்பையையே நகரவிடாது. பாறைக் குழம்பில் இவ்வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிப்பது சிலிக்கா. அது குறைந்த பசாற்றுக் குழம்பு இளகி ஓடும். மிகுந்தால் குழம்பு தடித்து வாயிலின் அருகிலேயே குவியும். வெள்ளியிலே தோசைக்கல்லில் ஊற்றிய மாவைப்போல வட்ட வடிவான மேடுகள் காணப்படுகின்றன. ஏறக்குறைய 25 கிலோமீற்றர் விட்டமும் சில நூறு மீற்றர் உயரமும் கொண்ட இவை, மிகத் தடித்த குழம்பு மெல்ல வெளிவந்து பரவியதால் உண்டானவை என்பது பல அறிஞரின் கருத்து.

அடுத்தவை தரையின் சாய்வு, ஓட்டத்தின் தடிப்பு, கோளின் ஈர்ப்பு விசை ஆகியன. இவற்றுள் தடிப்பின் வலிமையைப் பலர் உணர்வதில்லை. சீராக ஓடும் குழம்பின் தடிப்பு இரு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். வெள்ளியின் ஈர்ப்பு விசை பூமியினதில் பத்தில் ஒன்பது பங்கு என்பதால் அதனால் விளையும் மாற்றம் சிறிதே.

வளிமண்டல அமுக்கத்தின் பங்கும் உண்டு. மூடியைத் திறவாத சோடாப் போத்தலில் வாயு கரைந்தே இருப்பதுபோல, வெள்ளியின் பேரமுக்கத்தில் குழம்பிலுள்ள வாயுக்கள் எளிதிற் குமிழியாகிப் பிரியா. ஆதலால் வெடித்துச் சாம்பலாய்ச் சிதறுவதற்குப் பதிலாகக் குழம்பு அமைதியாக வழிந்தோடவே வாய்ப்பு அதிகம்.

இனி மாணவியின் வினாவிற்கு வருவோம். வெளிவரும் பசாற்றுக் குழம்பின் வெப்பநிலை ஏறத்தாழ 1,150 பாகை. அது கதிர்வீசலாலும், மேலே உள்ள வளி சூடேறி எழும் மேற்காவுகையாலும் வெப்பத்தை இழக்கின்றது. கதிர்வீசல் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கிற்கு ஏற்ப அமையும் என்பதை உயர்வகுப்பு மாணவர் அறிவர். கணக்கிட்டுப் பார்த்தால், 465 பாகைச் சூழலிலிருந்து குழம்பிற்குத் திரும்பி வரும் வெப்பம், அது வெளிவிடுவதில் நூற்றுக்கு ஏழு பங்களவே. அடுப்பைப் போன்ற அச்சூழல் தொடக்கத்தில் குழம்பிற்குச் செய்யும் உதவி அவ்வளவுதான்! மறுபுறம், பூமியில் ஒரு கன மீற்றர் வளி 1.2 கிலோகிராம் அளவே இருக்க, வெள்ளியிலோ அது 65 கிலோகிராம் அளவாகும். அத்துணை அடர்ந்த வளி வெப்பத்தை விரைந்து வாரிச் செல்லும். ஆகவே புதிதாக வெளிவந்த குழம்பின் மேற்பரப்பு பூமியில் ஆறுவதைவிட வெள்ளியில் விரைவாக ஆறித் தோல் கட்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. நாம் வகுப்பிற் கூறிய விடைக்கு இது நேர்மாறு.

தோல் கட்டிய பின்னர் கதை மாறுகிறது. நம் வீட்டுக் கூழை நினைத்துப் பாருங்கள். மேலே ஆடை படிந்து ஆறியதுபோல் தோன்றும். அவசரப்பட்டு வாயில் வைத்தால் நாக்கு வெந்துவிடும். பாறையும் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. உள்ளிருக்கும் வெப்பம் அத்தோலினூடாகவே வெளியேற வேண்டும். வெளியேறும் வேகம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. பூமியில் இவ்வேறுபாடு 1,100 பாகைக்கும் மேல். வெள்ளியில் 700 பாகைக்கும் குறைவு. எனவே ஒரே தடிப்புள்ள தோலுக்குள் இருக்கும் குழம்பு வெள்ளியில் ஆறுதலாகவே வெப்பத்தை இழக்கும். முதலில் விரைவு, பின்னர் மெதுவு. மாணவியிடம் நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலை இதற்கு நற்சான்று. அங்கே குழம்பு தானே கட்டிய கூரையின்கீழ்க் குகைவழியாக ஓடும்போது, பத்துக் கிலோமீற்றர் சென்றும் பத்துப் பாகை அளவே ஆறுகின்றது. 1990இல் கலபானா என்னும் ஊரை மூடிய குழம்பும் தொலைவிலிருந்து இவ்வாறு வந்ததே.

இத்தனையும் இருப்பினும், ஊற்றிலிருந்து குழம்பு எவ்வளவு விரைவாக வழங்கப்படுகின்றது என்பதே ஓட்டத்தின் நீளத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் என்று எரிமலை அறிஞர் ஜோர்ஜ் வோக்கர் 1973இல் எடுத்துக் காட்டினார். வழங்கல் குறைந்தால் முன்முனை ஆறி நின்றுவிடும். பின்னால் வருவது பக்கவாட்டில் உடைத்து வேறு வழி தேடும். ஆகையால் வெள்ளியில் பல நூறு கிலோமீற்றர் நீண்ட ஓட்டங்களைக் காணும்போது, தரையின் சூட்டை மட்டும் காரணமாக்காது, அவ்வூற்றுகள் எத்துணை வேகத்தோடு பொங்கின, எவ்வளவு காலம் ஓயாது பொங்கின என்றும் வினவ வேண்டும்.

பால்டிஸ் பள்ளத்தாக்கு என்னும் கால்வாய் இவ்வினாவைக் கடினமாக்குகிறது. ஒன்று முதல் மூன்று கிலோமீற்றர் அகலமே உடைய அது ஏறத்தாழ 6,800 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. நைல் நதியைவிட நீளம். பசாற்றுக் குழம்பு இவ்வளவு ஒடுங்கிய வழியில் உறையாது ஓடுமா என்பதில் அறிஞரிடையே ஐயம் உண்டு. தான்சானியாவின் ஒல்டோய்னியோ லெங்காய் எரிமலை, காபனேற்று வகைக் குழம்பைக் கக்குகின்றது. அதன் வெப்பநிலை 500 முதல் 600 பாகை வரையே. ஆயினும் எண்ணெய்போல் ஓடும். அத்தகையதொன்று வெள்ளியில் ஓடினால், தரையின் வெப்பத்திற்கும் அதற்கும் வேறுபாடு சிறிதாகையால், ஆறுவதற்கு மிக நீண்ட காலமாகும். இது ஒரு கருத்தே, இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எமக்கு இக்கருத்தே பிடித்திருக்கின்றது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

பிழையைத் திருத்திய அன்று அதே மாணவி மற்றொரு வினாவையும் கேட்டாள். "அப்படியானால் இப்பொழுதும் அங்கே ஓடுகிறதா?" இம்முறை நூல்களைப் பார்த்த பின்னரே விடை கூறினோம். மகெல்லன் 1991 பெப்ரவரியிலும் ஒக்ரோபரிலும் எடுத்த படங்களை றொபேட் ஹெரிக், ஸ்கொட் ஹென்ஸ்லி என்னும் இருவர் ஒப்பிட்டனர். மாட் மொன்ஸ் எரிமலையருகே 2.2 சதுர கிலோமீற்றர் பரப்பிருந்த ஒரு வாயில், எட்டு மாதங்களில் ஏறக்குறைய 4 சதுர கிலோமீற்றராக விரிந்து உருவமும் மாறியிருந்தது. இதனை அவர்கள் வெளியிட்டது 2023இல். படங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தன. வெவ்வேறு கோணங்களில் எடுக்கப்பட்டவை ஆதலால் கண்ணால் ஒப்பிடுவதே பெரும்பாடு. 2024இல் இத்தாலிய ஆய்வாளர்கள், சிஃப் மொன்ஸ் மலைச்சரிவிலும் நியோபே சமவெளியிலும் 1990க்கும் 1992க்கும் இடையில் புதிய குழம்பு ஓடியதற்கான அடையாளங்களை அப்படங்களிலேயே கண்டனர். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் என்விசன் கலம் 2030ஆம் ஆண்டுகளில் மீண்டும் றேடாருடன் அங்கு செல்லத் திட்டமிடப்பட்டுள்ளது. மகெல்லன் படங்களோடு அதன் படங்களை ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் எவ்வோட்டம் எங்கே புதிதாய்ப் படர்ந்தது என்பது தெரியவரும்.