கூடத்தில் எடுத்த படம் ஏன் கலங்குகிறது?

புதிதாக டிஜிட்டல் காமிரா வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு புதிரைச் சந்திக்கின்றனர். காலை வெயிலில் வாசலை எடுத்த படம் பளிச்சென்று அமைகிறது. அன்று இரவே கூடத்தில் விளையாடும் குழந்தையை அதே காமிராவால் எடுத்தால், குழந்தை ஆவிபோல் கலைந்து தெரிகிறது. அல்லது படம் முழுவதும் மணலைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கிறது. "டியூப் லைட் நன்றாகத்தானே எரிந்தது? காமிராவில்தான் கோளாறு" என்று கடைக்காரரிடம் போய் நிற்பவர்களும் உண்டு. காமிராவில் கோளாறு ஏதும் இல்லை. நம்மை ஏமாற்றுவது நமது கண்ணே!

ஒளியூட்டத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயிலில் தரைமீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் ஒரு குழல்விளக்கு எரியும் கூடத்தில் அது சுமார் 100 லக்ஸ்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு! இவ்வளவு பெரிய வேறுபாட்டை நாம் உணர்வதே இல்லை. கண்ணின் பாவை 2 மி.மீ. அளவிலிருந்து 7 மி.மீ. வரை விரியும். ஆனால் இதனால் பரப்பு 12 மடங்குதான் கூடுகிறது. மீதியை விழித்திரையும் மூளையும் நமக்குத் தெரியாமலேயே சரிக்கட்டிவிடுகின்றன. காமிராவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது ஒளியை எண்ணும் கருவி.

எவ்வாறு எண்ணுகிறது? பிலிம் காமிராவில் வெள்ளி உப்புகள் செய்த வேலையை, டிஜிட்டல் காமிராவில் சிலிகானால் ஆன உணரி என்னும் தகடு செய்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய கண்ணறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஃபோட்டான் என்னும் ஒளித்துகள் சிலிகானில் மோதி உட்கவரப்படும்போது ஓர் எலெக்ட்ரான் விடுபடுகிறது. அவ்வாறு சேர்ந்த எலெக்ட்ரான்களின் அளவே அந்தப் புள்ளியின் பொலிவு. ஒளி துகள்களாக வருகிறது என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்டார். சேர்ந்த மின்னூட்டத்தைக் கண்ணறைக்குக் கண்ணறை நகர்த்தும் சில்லை பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் 1969-இல் உருவாக்கினர்; அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றனர். கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975-இல் அமைத்த முதல் டிஜிட்டல் காமிராவின் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய 23 வினாடிகள் ஆயின! இன்றைய காமிராக்களில் பெரும்பாலும் வேறுவகைச் சில்லுகளே உள்ளன. ஆனால் எண்ணும் தத்துவம் மாறவில்லை.

இனி, மழை பெய்யும் முற்றம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முற்றம் முழுவதும் டம்ளர்களை நெருக்கமாக அடுக்கியிருக்கிறீர்கள். பெருமழை பெய்தால் எல்லா டம்ளர்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் நிற்கும். நாலு தூறல் போட்டு நின்றுவிட்டால்? ஒன்றில் ஐந்து துளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் எட்டு. மழையில் ஓரவஞ்சனை ஏதும் இல்லை. தனித்தனித் துளிகளாகத் தற்செயலாக விழும் எதற்கும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. அதன் அளவு, சராசரி எண்ணிக்கையின் இருபடி மூலம் ஆகும். 10,000 ஃபோட்டான்கள் சேரும் கண்ணறையில் ஏற்றத்தாழ்வு 100, அதாவது 1 விழுக்காடு; கண்ணுக்குத் தெரியாது. 100 ஃபோட்டான்களே சேர்ந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது 10 விழுக்காடு. ஒரே நிறமுள்ள சுவரில் அடுத்தடுத்த புள்ளிகள் வெவ்வேறு பொலிவுடன் தோன்றும். நீங்கள் கண்ட 'மணல்' பெரும்பாலும் இதுதான். ஒளியின் இயல்பே அது. எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய காமிராவாலும் இதை நீக்க முடியாது.

"சார், எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. மொத்தம் எவ்வளவு மழை கிடைக்கும் என்பதை முற்றத்தின் பரப்பு தீர்மானிக்கிறது, டம்ளர்களின் எண்ணிக்கை அன்று. எனவே உணரி எவ்வளவு பெரியது என்று கேட்பதே பொருத்தம். உணரி மிகச் சிறியதாக உள்ள செல்பேசிகள், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாகக் கூட்டி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

உணரிமீது விழும் ஒளியைக் கட்டுப்படுத்த உங்கள் கையில் இருப்பவை இரண்டே: லென்சின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பர். லென்சின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எண். 50 மி.மீ. லென்சில் துளை 25 மி.மீ. என்றால் எஃப் 2, 12.5 மி.மீ. என்றால் எஃப் 4. எண் கூடினால் துளை சிறுக்கும் என்பதைப் புதியவர்கள் மறக்கக்கூடாது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசை ஏதோ மந்திரம்போல் தோன்றலாம். ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் 2-இன் இருபடி மூலம், அதாவது சுமார் 1.4 மடங்கு. விட்டம் 1.4 மடங்கு குறைந்தால் பரப்பு பாதியாகும். ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. ஷட்டர் நேரமும் அவ்வாறே: 1/50 வினாடியில் நுழைவதில் பாதியே 1/100 வினாடியில் நுழையும்.

மூன்றாவதாக ஐ.எஸ்.ஓ. என்றொரு எண் உண்டே? இது ஒளியைக் கூட்டுவதில்லை. கிடைத்த சிறு குறிப்பலையைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஒலிபெருக்கியில் ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுவதில்லையா? அதுபோன்றதே.

இப்பொழுது கூடத்துக்கு வருவோம். தெளிவான வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 16, நேரம் 1/100 வினாடி என்று வைத்தால் படம் சரியாக அமையும் என்பது பிலிம் காலத்திலிருந்தே வழங்கிவரும் விதி. கூடத்தில் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு. 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024. எனவே பத்துப் படிகள் ஈடுசெய்ய வேண்டும். துளையை எஃப் 4 வரை திறந்தால் நான்கு படி. நேரத்தை 1/50 வினாடியாக்கினால் ஒரு படி. எஞ்சிய ஐந்தையும் ஐ.எஸ்.ஓ. சுமக்க வேண்டும்: 200, 400, 800, 1600, 3200. விளைவு என்ன? வெயிலில் 10,000 ஃபோட்டான்கள் பெற்ற கண்ணறை இப்பொழுது 312 மட்டுமே பெறுகிறது. ஏற்றத்தாழ்வு 6 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மணல் வந்துவிட்டது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் குழந்தை அந்த 1/50 வினாடிக்குள் 2 செ.மீ. நகர்ந்துவிடுகிறது, முகம் கலைந்ததும் இதனால்தான். காமிராவில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும், குழந்தையின் ஓட்டத்தை அன்று.

வழி என்ன? எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் இருந்தால் எஃப் 4-ஐவிட ஏறக்குறைய 5 மடங்கு ஒளி கிடைக்கும். ஆனால் கண் தெளிவாக இருக்கையில் காது மங்கும். துளை பெரிதாக ஆக, குவியாத புள்ளிகள் பெரிய வட்டங்களாகப் பரவுகின்றன என்பதே காரணம். கிட்டப்பார்வை உள்ளவர்கள் தொலைவில் உள்ள பெயர்ப்பலகையைக் கண்ணை இடுக்கிப் படிப்பது இதன் மறுபக்கம். செலவில்லாத வழி, பகலிலேயே குழந்தையை ஜன்னலோரம் அழைத்து வருவது. அங்கே 1,000 லக்ஸுக்கு மேலும் கிடைக்கலாம். மூன்று படிக்கு மேல் இலாபம்.

இதையெல்லாம் தானியங்கி முறையே பார்த்துக்கொள்ளாதா எனலாம். அதற்கு ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு: எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது கருதுகிறது. ஒரு வெள்ளைத்தாள் காட்சி முழுவதையும் நிறைக்குமாறு வைத்துப் படம் எடுங்கள். பிறகு அதே இடத்தில் கறுப்புத் துணியை வைத்து எடுங்கள். இரண்டு படங்களும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும்! வெள்ளை வேட்டி கட்டியவர் அழுக்காகத் தெரிவதும் கருங்கல் சிலை வெளிறிப்போவதும் இதனால்தான். பெரும்பாலான காமிராக்களில் கூட்டல், கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் இருக்கும். வேட்டிக்குக் கூட்டல் பக்கம் ஒரு படி, சிலைக்குக் கழித்தல் பக்கம் ஒரு படி நகர்த்திப் பாருங்கள். போதுமா, மிகுதியா என்பதைக் காமிராவின் திரையில் தோன்றும் பொலிவு வரைபடம் காட்டும். அதன் வலது ஓரத்தில் கோடுகள் முட்டிக்கொண்டு உயர்ந்து நின்றால் டம்ளர்கள் நிரம்பி வழிகின்றன என்று பொருள். வழிந்ததைப் பிறகு எந்தக் கணினியாலும் மீட்க முடியாது; உடனே ஒரு படி குறைத்து மீண்டும் எடுத்துவிடுங்கள்.