3.21-ஆ, 3.92-ஆ? வீட்டை இழுக்கும் வண்டிக்கு எந்த ஆக்ஸில்

2019-ல் புது உருவில் வந்த ராம் 1500 பிக்கப் டிரக்கில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் அதே 5.7 லிட்டர் ஹெமி எஞ்சின், அதே எட்டு கியர் பெட்டி. ஆனால் ஒன்று சுமார் 8,000 பவுண்டு டிரெய்லரை இழுக்கலாம், மற்றது 11,000 பவுண்டு வரை போகலாம் என்றது கம்பெனி அட்டவணை. கட்டில், அடுப்பு, கழிப்பறையோடு ஒரு சிறு வீட்டையே பின்னால் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இந்த 3,000 பவுண்டு லேசான விஷயமல்ல.

வித்தியாசம் பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கும் கூட்டுக்குள் இருக்கிறது. லாரிப் பட்டறைகளில் கிரவுன், பினியன் என்பார்களே, அதுதான். பினியனில் 11 பல், கிரவுனில் 41 பல் என்றால், 41-ஐ 11-ஆல் வகுக்க 3.73. இதுதான் ஆக்ஸில் எண். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அதைச் சுழற்றும் தண்டு 3.73 சுற்று சுற்றியாக வேண்டும். எண் ஏற ஏற இழுவை ஏறும். எஞ்சினும் வேகமாகச் சுற்றும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

ராமில் கிடைத்த 3.21-ஐயும் 3.92-ஐயும் ஒப்பிட்டால், பின்னது ஒவ்வொரு கியரிலும் 22 சதவீதம் கூடுதல் இழுவை தரும். 32 அங்குல டயரில், ஆறாவது கியரில், மணிக்கு 65 மைல் ஓடும்போது முதல் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,190 முறை சுற்றும். இரண்டாவது 2,675 முறை.

டிரெய்லர் இழுக்க 4.10 ஆக்ஸில்தான் வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது நான்கு கியர் காலத்துக் கணக்கு. அன்றைய செவ்ரலே பெட்டி ஒன்றில் முதல் கியர் 3.06. அதை 4.10-ஆல் பெருக்கினால் 12.5. இன்றைய ராமின் முதல் கியர் 4.71, வெறும் 3.21 ஆக்ஸிலோடு பெருக்கினாலே 15.1 வந்துவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்புவது இப்போது பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் நீண்ட ஏற்றத்தில். இழுவைத் திறனை அளக்கும் எஸ்ஏஇ ஜே2807 சோதனைக்கு அரிசோனாவின் டேவிஸ் அணையருகே ஏறும் 11.4 மைல் மலைச்சாலைதான் அளவுகோல். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும், சாதாரண பிக்கப்பின் வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையோ 11,000 அடிக்கு மேலே. டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். அங்கே 3.92 கைகொடுக்கும்.

ஆனால் ஆக்ஸில் எண்ணை மட்டும் நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. 7,000 பவுண்டு டிரெய்லர், எடையில் 13 சதவீதத்தை, அதாவது 910 பவுண்டை, வண்டியின் பின்புறக் கொக்கியில் அழுத்தும். ஓட்டுநர் கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கரில் ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,400 பவுண்டுதான் என்று போட்டிருந்தால், குடும்பத்துக்கும் மூட்டைமுடிச்சுக்கும் மிஞ்சுவது 490 பவுண்டு. இதில் ஒரு பவுண்டைக்கூட 3.92 கூட்டித் தராது. அழகுக்காக 32-க்குப் பதில் 35 அங்குல டயர் மாட்டினால் இழுவையிலும் அடி விழும்: அதே 3.92 ஏறக்குறைய 3.58 போல நடந்துகொள்ளும்.

சமவெளியில் வருடத்துக்கு இரண்டு முறை சின்ன டிரெய்லர் இழுப்பவருக்கு 3.21 தாராளம். 6,000 பவுண்டுக்கு மேல், அதுவும் மலைப்பக்கம் என்றால் யோசிக்காமல் 3.92 எடுக்கலாம். முன்பணம் கட்டும் முன்பே எண்ணைக் கேட்டுவிடுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் பிறகு மாற்ற நினைத்தால், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் பிரித்து, இரண்டிலும் கிரவுன், பினியனை மாற்ற வேண்டியிருக்கும்.