திங்கட்கிழமை மட்டும் சிக்கும் தாள்

திங்கட்கிழமை காலை மணி ஏழேகால். எட்டு மணிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதச் சோதனை. கேள்வித்தாள் கணினியில் தயாராக இருக்கிறது. அலுவலக லேசர் பிரிண்டரோ மூன்று தாளை ஒழுங்காகத் தள்ளிவிட்டு, நான்காவது தாளைப் பாதி வழியில் கவ்விக்கொண்டு, சிவப்பு விளக்கைக் காட்டி நிற்கிறது. மூடியைத் திறந்து, தாளை உருவி, மூடி, மறுபடி பொத்தானை அழுத்தினால் அடுத்த தாளும் அதே இடத்தில்தான். மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியை கடைசியில் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். படம் பார்த்து விடை சொல்ல வேண்டிய நான்கு கேள்விகளை விட்டுவிட்டார்.

அலோர் காஜா வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நடந்தது இது. அங்கே நான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலவையில் இருக்கிறேன். என் தொழில் கணக்கெழுதுவது, இயந்திரம் பழுதுபார்ப்பது அல்ல. ஆனாலும் அந்தப் பிரிண்டர் விஷயத்தில் எனக்கு ஒரு குற்றவுணர்வு உண்டு. அதற்கு முன்பிருந்த பிரிண்டரும் இதே மாதிரிதான் தாளைக் கவ்வியது. ஒரு கடையில் கேட்டோம். "பழசாகிவிட்டது, சரிசெய்யும் காசுக்குப் புதுசே வாங்கலாம்" என்றார்கள். நம்பினோம். விளையாட்டுப் போட்டியன்று நாசி லெமாக்கும் வடையும் விற்றுச் சேர்த்த பணத்தில் புதியது வாங்கினோம். வாங்கிய நான்காவது மாதமே, அதுவும் திங்கட்கிழமை காலையில், புதியதும் மக்கர் செய்தது.

இரண்டு வேறு பிரிண்டர்கள், இரண்டு வேறு நிறுவனங்களின் தயாரிப்பு. மாறாதது அறையும் தாளும்தான். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இவ்வளவு செலவானது.

<b>அரை டம்ளர் தண்ணீர்</b>

தாள் என்பது மரக்கூழ். மரநார் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், காற்று வறண்டால் வெளியே விடும். தாளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கென்று அனைத்துலகத் தரம் ஒன்று இருக்கிறது. வெப்பம் 23 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடு என்று அது சொல்கிறது. நம் மலாக்காவில் அப்படி ஒரு நாள் வாய்ப்பது அரிது. சாயங்கால மழை பெய்து ஓய்ந்த இரவில் இங்கே ஈரப்பதம் 90ஐத் தொடுவது சாதாரணம்.

ஒரு சின்னக் கணக்கு. நாம் வாங்கும் ஏ4 தாள் பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை கொண்டது. ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள் வெட்டலாம். ஆகவே ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரை கிலோ. அந்த ரீம் தன் எடையில் நூற்றுக்கு 3 பங்கு ஈரத்தைக் கூடுதலாகக் குடித்தால் 75 கிராம் தண்ணீர். ஏறக்குறைய அரை டம்ளர். உறை பிரித்த ரீமை அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறோமே, அரை டம்ளர் தண்ணீரை அதன்மேல் யாரும் ஊற்றவில்லை, காற்றே ஊற்றிவிடுகிறது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மதியம் ஏர்கோனை அடைக்கிறார்கள். சனி, ஞாயிறு முழுக்க அறை மூடியே கிடக்கிறது. பிரிண்டரின் தட்டில் இருநூறு தாள் திறந்தபடி இருக்கிறது. திங்கள் காலை அந்தத் தாளைப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கட்டாக எடுத்து மேசைமேல் தட்டையாக வைத்துப் பாருங்கள். ஓரங்கள் அலை அலையாக எழும்பியிருந்தால் அது ஈரம் குடித்த தாள்.

லேசர் பிரிண்டருக்குள் தாள் கடைசியாகக் கடப்பது ஃபியூசர் என்னும் சூடான உருளையை. மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைப்பது அதுதான். வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரிக்குப் போகும். ஈரத்தாள் அதற்குள் நுழைந்ததும் தண்ணீர் ஆவியாகிறது. தாள் சுருள்கிறது, சுருண்ட முனை வெளியே போக வேண்டிய வழியை விட்டு எங்காவது முட்டிக்கொள்கிறது. சில வேளைகளில் பிரிண்டருக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக எழுவதைப் பார்த்துப் புகை என்று பயந்து சுவிட்சை அடைத்தவர்களை எனக்குத் தெரியும். தீய்ந்த நாற்றம் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் நீராவிதான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மைத்தூளைத் தாளுக்கு இழுப்பது மின்னேற்றம். ஈரத்தாளில் அந்த மின்னேற்றம் தங்காது, எழுத்து திட்டுத் திட்டாக வெளிறும். ஆகவே தாளும் சிக்கி, எழுத்தும் வெளிறினால் டோனரை மாற்ற ஓடாதீர்கள். உறை பிரிக்காத புது ரீமிலிருந்து பத்துத் தாளை எடுத்துப் போட்டு அடித்துப் பாருங்கள். அந்தப் பத்தும் ஒழுங்காக வந்துவிட்டால் உங்கள் பிரிண்டர் ஆரோக்கியமாக இருக்கிறது.

<b>எங்கே நின்றது?</b>

"பேப்பர் ஜாம்" என்பது ஒரே நோய் அல்ல. காய்ச்சல் மாதிரி, காரணம் பல. தாள் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பார்க்காமல் உருவி எறிந்துவிட்டால் தடயம் போய்விட்டது. ஒரு முறையாவது பொறுமையாகப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அலோர் என்றால் மலாயில் நீண்ட பள்ளம், வாய்க்கால்; காஜா யானை, நம்முடைய கஜம்தான். யானை நடந்த தடம் என்று நம் ஊர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். பிரிண்டருக்குள்ளும் தாளுக்கு அப்படி ஒரு தடம் இருக்கிறது. தட்டிலிருந்து தாளை எடுக்கும் ரப்பர் ரோலர், அதன் எதிரே இரண்டாவது தாளைத் தடுத்து நிறுத்தும் சிறிய பட்டை, தாளை நேராக்கும் ரோலர், பிறகு டோனர் இருக்கும் பகுதி, ஃபியூசர், வெளிவாசல். வழிநெடுக சென்சர்கள் உண்டு. தாள் இன்ன நொடியில் இந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அவை எதிர்பார்க்கும். கொஞ்சம் தாமதமானாலும் இயந்திரம் "ஜாம்" என்று அறிவித்து நின்றுவிடும்.

தாள் தட்டைவிட்டே கிளம்பவில்லையா? ரோலர் கர்ரென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்கிறதா? அது ரோலரின் குறை. இரண்டு மூன்று தாள் ஒன்றாகப் போனால் தடுக்கும் பட்டை தேய்ந்திருக்கும், அல்லது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கோணலாகப் போனால் தட்டின் ஓரத்திலுள்ள பிடிமானங்களைத் தாளோடு தொட்டும் தொடாமலும் நகர்த்தி வைத்தாலே போதும். பெரும்பாலும் யாராவது எஃப்4 தாள் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். கடைசியில், ஃபியூசருக்குப் பக்கத்தில் விசிறி மடிப்பாக நசுங்கி நின்றால் முதலில் ஈரத்தைச் சந்தேகியுங்கள். புது ரீமிலும் அதே நசுங்கல் வந்தால் ஃபியூசரில்தான் கோளாறு.

தாளே இல்லாமல் ஜாம் என்று அடம்பிடிப்பதும் உண்டு. சென்சரின் முனையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நெம்பி இருக்கும். கிழிந்த தாள்துண்டு ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருந்தால், தாள் இன்னும் உள்ளே இருக்கிறது என்றே இயந்திரம் நினைக்கும். கைவிளக்கு அடித்துத் தேடுங்கள். எங்கள் பள்ளியில் ஒருமுறை தாள்துண்டுக்குப் பதில் பல்லி முட்டை கிடைத்தது.

எடுக்கும்போது மின்சாரத்தை அடைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும், பற்சக்கரம் உடையும். ஃபியூசர் ஆறும்வரை அந்தப் பக்கம் விரல் வைக்காதீர்கள். மைத்தூள் கையில் பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் அதை ஒட்டவைத்துவிடும்.

<b>ரப்பர் தெரிந்தவர்களுக்கு</b>

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் தொடங்கியது நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். பால் வெட்டியும், பால் உறையவைத்தும், சீட்டு அழுத்தியும் வாழ்ந்த குடும்பங்கள் நாம். ரப்பர் ஏன் வழுக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தூசி படிந்தால் பிடிப்பு போகும், நாள்பட்டால் இறுகிப் பளபளக்கும். பிரிண்டர் ரோலருக்கும் அதே விதிதான். (அது பெரும்பாலும் செயற்கை ரப்பர், நம் தோட்டத்துப் பால் அல்ல.) தாளை வெண்மையாக்கச் சுண்ணாம்புத் தூள் சேர்க்கிறார்கள். அந்தத் தூள் ஒவ்வொரு தாளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து ரோலரில் பவுடர் பூசிவிடுகிறது.

பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வரும். காய்ந்தபின் விரலால் தொட்டால் லேசாக ஒட்டும் உணர்வு திரும்பியிருக்கும். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். உப்புத்தாளால் தேய்க்கும் கைவைத்தியத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஓடும், பிறகு முன்னைவிட மோசம். துடைத்தும் பிடிக்கவில்லை என்றால் ரோலரை மாற்றிவிடலாம். பல மாடல்களில் அது கையால் கழற்றி மாட்டக்கூடிய சிறிய உதிரிப் பாகம். புதுப் பிரிண்டரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை. ரோலர்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பல பிரிண்டர்களில் முன்பக்கம் திறந்து, கையால் தாள் வைக்கும் இன்னொரு வாய் இருக்கும். அதற்குத் தனி ரோலர். அந்த வழியில் நன்றாகப் போய், கீழ்த்தட்டிலிருந்து மட்டும் போகவில்லை என்றால் கீழ்த்தட்டு ரோலர்தான் குற்றவாளி.

சிக்கனம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடித்த தாளின் பின்பக்கத்தை மறுபடி பயன்படுத்துவது நம் பள்ளிகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் பிரிண்டருக்கு அல்ல. ஒருமுறை சூட்டில் வெந்த தாள் வளைந்திருக்கும். அதைவிட ஆபத்து அதில் மறந்துபோன ஸ்டேப்ளர் கம்பி. சிறிய பிரிண்டர்களின் ஃபியூசரில் மெல்லிய படலம் ஒன்றுதான் சுற்றுகிறது. ஒரு கம்பி அதைக் கிழித்தால் முழு ஃபியூசரையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவில்தான் புதுப் பிரிண்டர் பற்றி யோசிப்பது நியாயம். பின்பக்கத் தாளைக் கணக்குப் போட்டுப் பார்க்க மாணவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தாளை வைக்கும் முறைக்கு வருகிறேன். ரீமின் உறை வெறும் அழகுக்கு அல்ல, ஈரம் புகாதபடி செய்தது. தேவைப்படும்வரை பிரிக்காதீர்கள். பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், சுவரை ஒட்டாமல். பண்டகசாலையிலிருந்து கொண்டுவந்த ரீமைக் குளிர் அறையில் ஒரு நாள் உறையோடே வைத்திருந்து பிறகு பிரியுங்கள். பழைய தாள் மீதி இருக்கும்போது மேலே புதியதைச் சொருகாதீர்கள். தட்டில் போடுமுன் கட்டின் இரு முனையையும் பிடித்து வளைத்துத் தளர்த்தினால் போதும், சீட்டுக்கட்டு மாதிரி விசிற வேண்டாம்.

பெரிய போட்டோஸ்டேட் இயந்திரம் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு ஒரு தகவல். ஈரமான நாடுகளுக்காக, தட்டின் அடியில் தாளை உலர்த்தும் சிறு ஹீட்டர் பொருத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. இயந்திரத்தை அடைத்த பிறகும் அது மின்சாரம் எடுத்து இரவெல்லாம் வேலை செய்யும். நாமோ இடிமின்னலுக்குப் பயந்து சாயங்காலமே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கத்து இடியைக் கேட்டவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். நானாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தாளையும் எடுத்து வைத்துவிடுவேன்.

செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் 1938 அக்டோபர் 22இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் முதல் நகலை எடுத்ததும், கேரி ஸ்டார்க்வெதர் அதே வித்தையில் லேசரைச் சேர்த்துப் பிரிண்டராக்கியதும் பெரிய கதை. அதற்குப் பிறகு வேகம் கூடியது, விலை குறைந்தது. ஆனால் தட்டிலிருந்து ஒரே ஒரு தாளை எடுப்பது இன்றும் ஒரு துண்டு ரப்பரின் வேலைதான்.

எங்கள் பழைய பிரிண்டரைப் பண்டக அறையிலிருந்து வெளியே எடுத்தோம். ரோலரை மாற்றினோம், புது ரீம் போட்டோம். நூறு தாள் நிற்காமல் வந்தது. இப்போது அது ஆசிரியர் அறையில் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்குப் போயிருந்தேன். இரண்டு பிரிண்டரின் தட்டும் காலி. மீதித் தாளெல்லாம், தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், மூடி இறுக்கி, அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.