பேழையின் கதவு திறப்பதற்கே

வழக்கமான மிருகக்காட்சி சாலையில் விலங்குகள் கூண்டுக்குள் இருக்கும், நாம் வெளியே நின்று பார்ப்போம். சஃபாரி பூங்காவில் இது தலைகீழாக மாறிவிடுகிறது. நாம் வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே அடைபட்டு உட்கார்ந்திருக்கிறோம். சிங்கமும் காண்டாமிருகமும் வெளியே உலவுகின்றன. ஆனாலும் அந்தப் பூங்காவைச் சுற்றி உயரமான வேலி உண்டு. வேலிக்கு உள்ளே இருக்கும் நிலத்துக்கும் விலங்குகளுக்கும் ஓர் உரிமையாளரும் உண்டு.

அரசு நடத்தும் பூங்காக்களையே பெரிதும் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு தனியார் குடும்பம் காட்டு விலங்குகளைத் தன் சொத்தாக வைத்திருப்பது விந்தையாகத் தோன்றலாம். கடவுள் படைத்த ஓர் உயிரை ஒரு மனிதர் 'இது என்னுடையது' என்று சொல்லலாமா? சொன்னால் அதற்குப் பொருள் என்ன? இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் உள்ள வோபர்ன் பூங்காவின் வரலாறு இந்தக் கேள்வியைச் சிந்திக்க நமக்கு உதவும். அந்த வரலாற்றில் ஒரு கத்தோலிக்க அருள்பணியாளருக்கும் பங்கு உண்டு.

துறவு மடமாக இருந்த இடம்

வோபர்னில் 1145ஆம் ஆண்டில் சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் ஒரு மடத்தை நிறுவினார்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அங்கே செபமும் உழைப்பும் நடந்தன. மன்னர் எட்டாம் ஹென்றி திருத்தந்தையின் அதிகாரத்தை மறுத்து, நாட்டின் துறவு மடங்களைப் பறித்துக்கொண்டபோது இந்த மடமும் தப்பவில்லை. 1538இல் அதன் கடைசித் தலைவர் இராபர்ட் ஹாப்ஸ் கொல்லப்பட்டார். 1547இல் அந்த நிலம் இரசல் என்னும் பிரபு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. பின்னாளில் 'பெட்ஃபோர்டு டியூக்' என்ற பட்டம் பெற்ற அந்தக் குடும்பத்தின் கையில்தான் வோபர்ன் இன்றும் இருக்கிறது. சுமார் 3,000 ஏக்கர் பரப்புள்ள மான் பூங்கா அவர்களுடைய மாளிகையைச் சூழ்ந்திருக்கிறது.

அருள்பணியாளர் கண்ட மான்

இப்போது நாம் சீனாவுக்குச் செல்வோம். அர்மான்ட் டேவிட் என்பவர் 1826ஆம் ஆண்டு பிரான்சின் பாஸ்க் பகுதியில் உள்ள எஸ்பெலெட் என்னும் ஊரில் பிறந்தார். ஏழைகளின் தந்தையான புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய துறவு சபையில் சேர்ந்து குருவானார். 1862இல் மறைபரப்புப் பணிக்காகப் பெய்ஜிங் வந்தார். இயற்கையை ஆழ்ந்து நேசித்த அவர், தாம் கண்ட செடி கொடிகள், பறவைகள், விலங்குகள் ஆகியவற்றைப் பற்றி எழுதியும், மாதிரிகளைச் சேகரித்தும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவந்தார். பாண்டா கரடியை 1869இல் மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே.

பெய்ஜிங்கின் தெற்கே சீனப் பேரரசரின் வேட்டைப் பூங்கா ஒன்று இருந்தது. நெடிய மதிலும் காவலும் கொண்ட அந்தப் பூங்காவுக்குள் வெளியார் நுழைய முடியாது. 1865இல் அந்த மதிலுக்கு மேலாக உள்ளே நோக்கிய அருள்பணியாளர் டேவிட், தாம் அதுவரை அறியாத ஒரு மான் கூட்டத்தைக் கண்டார். சீனர்கள் அதை 'மிலு' என்பார்கள். 'நான்கிலும் சேராதது' என்ற செல்லப் பெயரும் அதற்கு உண்டு. முகம் குதிரை போல, குளம்பு மாடு போல, வால் கழுதை போல, கொம்பு மான் போல இருந்தும், அது இவற்றில் எதுவும் அல்ல. அகன்ற குளம்புகளோடு சதுப்பு நிலத்தில் வாழவும் நன்றாக நீந்தவும் ஏற்ற உடலமைப்பு அதற்கு இருக்கிறது.

அடுத்த ஆண்டே அவர் அனுப்பிய தோல்களை ஆராய்ந்த பாரிஸ் அறிஞர் மில்ன் எட்வர்ட்ஸ், அந்த மானின் அறிவியல் பெயரில் டேவிட்டின் பெயரைச் சேர்த்தார். இன்றும் உலகம் அதைத் 'தந்தை டேவிட்டின் மான்' என்றே அழைக்கிறது. பிறகு சில மான்கள் உயிரோடு ஐரோப்பியக் காட்சிச்சாலைகளுக்குச் சென்றன.

ஒரே மதிலை நம்பிய ஆபத்து

காட்டில் அந்த மான் அதற்கு முன்பே அழிந்துவிட்டிருந்தது. சீன மண்ணில் எஞ்சியிருந்த கூட்டம் அந்த ஒரு மதிலை மட்டுமே நம்பியிருந்தது. 1895இல் ஆறு பெருக்கெடுத்து மதிலை உடைத்தது. வெளியேறிய மான்களைப் பசியால் வாடிய மக்கள் கொன்று உண்டார்கள். அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. எஞ்சிய சிலவும் 1900ஆம் ஆண்டின் பாக்சர் கிளர்ச்சியின்போது அந்நியப் படைகளின் கையில் மடிந்தன. சிறிது காலத்தில் சீனாவில் அந்த மானே இல்லாமல் போயிற்று. பேரரசரின் பூங்கா அந்த மானைப் பல காலம் காத்தது உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே கையில், ஒரே மதிலுக்குள் இருந்ததால், அந்த மதில் வீழ்ந்தபோது மானினமும் வீழ்ந்தது.

பதினெட்டு மான்கள்

அப்போது வோபர்னின் உரிமையாளராக இருந்தவர் பதினோராவது டியூக் ஹெர்பிரண்ட். ஐரோப்பாவில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த மிலு மான்களை அவர் ஒன்றுசேர்த்தார். ஏறத்தாழ 1894 முதல் 1901 வரை 18 மான்கள் வோபர்னுக்கு வந்தன. அவற்றில் 11 மட்டுமே குட்டிகள் ஈன்று இனத்தைப் பெருக்கின. இன்று உலகில் உள்ள மிலு மான்கள் அனைத்தும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே.

முதல் உலகப் போர்க்காலத்தில் தீவனத் தட்டுப்பாட்டால் சுமார் 90 ஆக இருந்த கூட்டம் சுமார் 50 ஆகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, ஒரு குண்டு விழுந்தாலும் ஓர் இனமே அழியலாம் என்ற அச்சம் எழுந்தது. அந்தப் போரின் முடிவை ஒட்டிய ஆண்டுகளில், பன்னிரண்டாவது டியூக்கின் காலத்தில், மான்கள் மற்ற காட்சிச்சாலைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. 'உலகில் என்னிடம் மட்டுமே உள்ளது' என்ற பெருமையை அந்தக் குடும்பம் கைவிட்டது. பேரரசர்கள் செய்யாததை இவர்கள் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய செயல் 1985இல் நடந்தது. அன்று டாவிஸ்டாக் பிரபுவாக இருந்து பின்னர் டியூக் ஆனவரின் முயற்சியால், வோபர்னிலிருந்து 20 மான்கள் பெய்ஜிங் சென்றன. அருள்பணியாளர் டேவிட் மதிலுக்கு மேலாக நோக்கிய அதே பழைய வேட்டைப் பூங்காவின் நிலத்தில் அவை இறங்கின. 1986இல் பிரிட்டன் காட்சிச்சாலைகளிலிருந்து மேலும் 39 மான்கள் கடலோர ஜியாங்சு மாநிலத்தின் தாஃபெங் காப்பகத்துக்குச் சென்றன. இன்று சீனாவில் மிலு மான்கள் பத்தாயிரத்துக்கும் அதிகம். சில கூட்டங்கள் வேலியில்லாத சதுப்பு நிலங்களிலேயே வாழ்கின்றன.

மறுபக்கமும் உண்டு

அன்பார்ந்தவர்களே, இதைப் படித்துவிட்டுத் தனியார் பூங்காக்கள் எல்லாம் நன்மையே செய்கின்றன என்று முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்கச் சாம்பல் அணில்கள் 1890இல் வோபர்ன் பூங்காவில் விடப்பட்டன. அங்கிருந்து வேறு இடங்களுக்கும் கொடுக்கப்பட்டன. இங்கிலாந்தின் சொந்த இனமான சிவப்பு அணில், இன்று அந்நாட்டின் பெரும்பகுதியில் காணாமல் போனதற்குச் சாம்பல் அணிலும் அது பரப்பும் அம்மை நோயும் முக்கியக் காரணங்கள். வோபர்னிலிருந்து வெளியேறிய சீனக் கேளையாடுகளும் பெருகி, காட்டின் அடித்தளச் செடிகளை மேய்ந்து அழிக்கின்றன. அழகுக்காகவும் ஆசைக்காகவும் செய்தது இன்னொரு படைப்புக்குத் தீங்காக முடிந்தது. மிலு மானைக் காத்த அதே கைதான் அணிலையும் பரப்பியது.

வோபர்ன் மாளிகை 1955இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. 1953இல் பன்னிரண்டாவது டியூக் இறந்தபின், அரசுக்குக் கட்டவேண்டிய வாரிசு வரி குடும்பத்தை நெருக்கியது. பார்வையாளர் தரும் நுழைவுக் கட்டணம் அதற்கு உதவியது. சஃபாரி பூங்கா 1970இல் தொடங்கப்பட்டது. கட்டணத்தை நம்பி நடக்கும் பூங்காவில் விலங்கின் நலத்தைவிடக் கூட்டத்தின் ஆசை பெரிதாகிவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. நல்ல மனமும் எல்லா விபத்தையும் தடுத்துவிடாது. 2018 சனவரியில் வோபர்ன் சஃபாரி பூங்காவில் இரவில் ஏற்பட்ட தீயில் 13 பட்டாஸ் குரங்குகள் இறந்தன. அடைக்கப்பட்ட உயிர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அடைத்தவரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. இதனால்தான் பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் காட்சிச்சாலையும் உரிமம் பெற்று ஆய்வுக்கு உட்பட வேண்டும்.

நோவாவின் பெருமை

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணிக்கிறார். தோட்டம் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அதை நட்டவர் ஆண்டவரே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும், மனிதருக்குப் பயன்படுவதால் மட்டுமல்ல, தன்னளவிலேயே ஒவ்வோர் உயிருக்கும் மதிப்பு உண்டு என்று நினைவூட்டுகிறது.

நோவாவைப் பற்றிப் பேசும்போது, அவர் விலங்குகளைப் பேழைக்குள் சேர்த்ததையே நாம் பெரிதாகச் சொல்கிறோம். வெள்ளம் வடிந்தபின் அவர் அவற்றை வெளியே அனுப்பினாரே, அதையும் சொல்ல வேண்டும். கதவைத் திறக்காத பேழை சிறைதான். நோவா விலங்குகளின் உரிமையாளராக நடந்துகொள்ளவில்லை. திரும்ப ஒப்படைக்கும் நாள் வரை அவற்றைப் பேணிய பொறுப்பாளராகவே இருந்தார்.

எனவே அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு விலங்குப் பூங்காவுக்குச் செல்லும்போது, அது தனியாருடையதோ அரசுடையதோ, மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இந்த விலங்கு தன் இயல்புக்கு ஏற்ப வாழ இங்கே இடம் இருக்கிறதா? இதைக் காப்பவர்கள் மற்றவர்களுக்குக் கணக்குக் கொடுக்கிறார்களா? இந்த இனம் தன் சொந்த மண்ணில் மறுபடியும் வாழ இந்த இடம் ஏதாவது செய்கிறதா? விடை தெரியாவிட்டால் அங்குள்ள பணியாளரிடமே கேட்கலாம். பிள்ளைகளும் அப்படிக் கேட்கப் பழகட்டும்.

வீடு, நிலம், பதவி, பங்கில் நமக்குத் தரப்பட்ட பொறுப்பு என நம் கையில் இருப்பவற்றுக்கும் இதே அளவுகோல்தான். எவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தோம் என்பதைவிட, எந்த நிலையில் ஒப்படைத்தோம் என்பதே பெரிது. அந்த 20 மான்களும் அருள்பணியாளர் டேவிட் இறந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகே ஊர் திரும்பின. அவற்றைக் காத்தவர்களில் பலர் அந்த நாளைக் காண உயிரோடு இல்லை. ஆனாலும் அவர்கள் பேணிக் காத்தார்கள்.