அகலக்கோண வில்லையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எதுவாயினும் அதை வீடியோவில் எடுத்து வைக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிலர் கைப்பேசியில் எடுக்கிறார்கள். சிலர் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் வீடியோ காமிராவில் எடுக்கிறார்கள். ஆனால், எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. மாப்பிள்ளை முழுதாக இருப்பார். பெண்ணுக்குத் தோள் பாதிதான் இருக்கும். தாத்தா இருப்பார், பக்கத்தில் உட்கார்ந்த பாட்டியைக் காணோம். "கொஞ்சம் பின்னால் போய் எடுத்திருக்கக் கூடாதா?" என்று வீட்டார் கேட்பார்கள். லயத்து வீட்டில் பின்னால் போக இடம் ஏது? எடுப்பவரின் முதுகு ஏற்கனவே சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் குறையைப் போக்கக் கடைகளில் ஒரு பொருள் கிடைக்கிறது. காமிராவின் முகப்பில் திருகி மாட்டும் அகலக்கோண வில்லை என்பது அதன் பெயர். புதிய வீடியோ காமிராக்கள் குறைந்துவிட்ட இக்காலத்தில் இவ்வில்லைகள் பெரும்பாலும் பழைய பொருளாகவே கைமாறுகின்றன. நல்லதும் உண்டு, காசைக் கரியாக்குவதும் உண்டு. எதைப் பார்த்து வாங்குவது என்பதை இன்று அறிந்துகொள்வோம்.

இது வெறும் ஆடம்பரப் பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். 1995ஆம் ஆண்டு முதல் புத்ராஜெயா நகரம் எழுந்த நிலம், அதற்கு முன் பெராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. இப்படி வீடமைப்புப் பகுதிகளாகவும் சாலைகளாகவும் மாறிப்போன தோட்டங்கள் பல. லயம் இடிக்கப்பட்டால், கோயில் இடம் பெயர்ந்தால், நாம் பிறந்து வளர்ந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப் படம் ஒன்றே மிஞ்சும். முகத்தை மட்டும் காட்டும் படத்தில் அந்த இடம் தெரியாது. அடுப்படி, அஞ்சடி, சாமி படம் மாட்டிய சுவர், பாட்டி உட்காரும் மூலை எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இடிந்த வீட்டுக்கு மறுபடி போய் இன்னொரு முறை எடுக்க முடியாது. ஆகவே, இதைச் சற்றுக் கவனமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், வீடியோ காமிராவின் பார்வை ஏன் குறுகலாக இருக்கிறது? இக்காமிராக்களைச் செய்தவர்கள் தூரத்துப் பொருளைக் கிட்டே இழுத்துக் காட்டும் ஆற்றலையே பெரிதாக எண்ணினார்கள். 'பத்து மடங்கு', 'இருபது மடங்கு' என்று பெட்டியின் மேல் எழுதுவதெல்லாம் அதைத்தான். கிட்டத்தில் உள்ளதை அகலமாகக் காட்டும் ஆற்றல் அவற்றுள் பலவற்றில் குறைவு. எடுத்துக்காட்டாக, 2007இல் வெளிவந்த கேனன் எச்வி20 என்னும் காமிராவை எடுத்துக்கொள்வோம். அதன் மிக அகலமான பார்வை, சாதாரணப் படக்காமிராவின் கணக்கில் 43.6 மி.மீ. வில்லைக்குச் சமம். பத்தடிக்கு அப்பால் ஏறக்குறைய எட்டடி அகலமே அதில் தெரியும். பத்தடி அறையில் ஒரு சுவர்கூட முழுதாக அடங்காது.

இனி, இணைப்பு வில்லை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். தொலைநோக்கி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, பெரிய கண்ணாடிப் பக்கமாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். எதிரில் உள்ளது சிறுத்துத் தோன்றும். ஆனால் முன்னைவிட அதிக இடம் தெரியும். இணைப்பு வில்லையும் அத்தகையதே. முன்னால் குழி வில்லை. பின்னால் குவி வில்லை. இவ்விரண்டும் சேர்ந்து காட்சியைச் சுருக்கிக் காமிராவிடம் கொடுக்கின்றன. ஒளியில் மிகச் சிறிதளவே குறைகிறது. ஆகவே, வெளிச்சம் மங்கிய வீட்டுக்குள்ளும் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எவ்வளவு சுருக்குகிறது என்பதை வில்லையின் விளிம்பில் ஓர் எண்ணாக எழுதியிருப்பார்கள். 0.7 என்றும், 0.5 என்றும், 0.3 என்றும் இருக்கும். எண் சிறுக்கச் சிறுக்கப் பார்வை அகலும். எட்டடி தெரிந்த இடத்தில் 0.7 வில்லையை மாட்டினால் பதினோரு அடிக்கு மேல் தெரியும். 0.5 வில்லையை மாட்டினால் பதினாறு அடி தெரியும். கணக்கு எளிது: பழைய அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தாலே போட்டுவிடுவார்கள்.

அப்படியானால் 0.3 வாங்கினால் இன்னும் இலாபம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். பார்வை அகல அகல, படத்தின் ஓரங்களில் நேர்கோடுகள் வளையும். கதவு நிலை பீப்பாயைப்போல வயிறு தள்ளி நிற்கும். ஓரத்தில் இருப்பவர்களின் உருவம் இழுபட்டு விகாரமாகத் தெரியும். 0.3 என்று குறித்த வில்லைகளில் மீனின் கண்ணால் பார்த்ததுபோல எல்லாம் வட்டமாக வளைந்துவிடும். வேடிக்கைக்கு அது சரி. குடும்பப் படத்துக்கு ஆகாது. வீட்டுக்கும் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் 0.7 அல்லது அதை ஒட்டிய எண் போதுமானது. மிகச் சிறிய அறை என்றால் 0.5 வரை போகலாம். அதற்குக் கீழே போக வேண்டாம் என்பதே நம் யோசனை.

அடுத்துப் பார்க்க வேண்டியது திருகுமரையின் அளவு. காமிராவின் முகப்பு வளையத்தில், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறியும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 37, 43, 46, 52, 58 என்பன போன்ற எண்களைக் காணலாம். அது மில்லிமீட்டர்க் கணக்கில் வளையத்தின் அளவு. நாம் மேலே சொன்ன எச்வி20 காமிராவுக்கு 43. கடைக்குப் போகுமுன் அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காமிராவையும் கையோடு கொண்டு போங்கள். அளவு ஒத்துப்போகாவிட்டால் இடையில் மாட்ட இணைப்பு வளையங்கள் உண்டு. ஆனால், ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காமிராவைவிடப் பெரிய வில்லையை வளையம் போட்டு மாட்டலாம். சிறிய வில்லையை மாட்டினால் படத்தின் நான்கு மூலைகளும் கறுத்துப்போகும். காமிராவின் முகப்பில் ஏற்கனவே பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தாலும் அதைக் கழற்றிவிட்டுத்தான் வில்லையைத் திருக வேண்டும். இல்லாவிட்டாலும் மூலைகள் கறுக்கக்கூடும்.

மூன்றாவது, உருப்பெருக்கும் வசதி கெடாமல் இருக்கிறதா என்பது. சில வில்லைகளை மாட்டிக்கொண்டு காட்சியைக் கிட்டே இழுத்தால் கடைசிவரை தெளிவாக இருக்கும். வேறு சிலவற்றில் பாதி வழியிலேயே எல்லாம் புகைந்து மங்கிவிடும். மலிவான வில்லைகளில் பெரும்பாலும் இந்தக் குறை இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் முகத்தைக் கிட்டே இழுத்துக் காட்ட நினைக்கிறீர்கள், படம் மங்கிவிடுகிறது, வில்லையைக் கழற்றுவதற்குள் மேளம் நின்றுவிடுகிறது. அறையை மட்டும் அசையாமல் எடுக்கப் போகிறவருக்கு இது பெரிய குறையன்று. விசேஷங்களை எடுப்பவருக்கு இதுவே முதற்குறை.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள் நான்கு. அவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று: பார்வையை மிக அகலமாக வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள், மூலைகள் கறுக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு: கதவு நிலை அல்லது செங்கல் சுவர் படத்தின் ஓரத்தில் வரும்படி எடுங்கள், கோடு எவ்வளவு வளைகிறது என்று தெரியும். மூன்று: எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் கிட்டே இழுத்து எடுங்கள், எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். நான்கு: எரியும் விளக்கு ஒன்று படத்துக்குள் வரும்படி எடுங்கள், விளக்கைச் சுற்றிப் பால் கொட்டினாற்போல வெண்மை படர்ந்தால் அவ்வில்லை தரமானது அன்று. நான்கையும் வில்லை இல்லாமல் ஒரு முறை, மாட்டி ஒரு முறை எடுத்து ஒப்பிட வேண்டும். காமிராவின் சிறு திரையை மட்டும் நம்ப வேண்டாம். அதில் ஓரங்கள் முழுதாகத் தெரியாமல் போவதுண்டு. கடையில் தொலைக்காட்சி இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள்.

பெட்டியின் மேல் மினுக்கும் எழுத்துகளில் 'தொழில்முறை' என்றோ 'உயர்தரம்' என்றோ எழுதியிருப்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதுவதற்குக் காசு கிடையாது. உங்கள் காமிராவைச் செய்த நிறுவனமே அதற்கென்று செய்த வில்லை கிடைத்தால், பழையதாயினும் அதையே முதலில் பாருங்கள். பழைய வில்லையை வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலைபோல இழை ஓடியிருந்தால் அது பூசணம். அதை வாங்க வேண்டாம்.

நல்ல கண்ணாடி கனமாகத்தான் இருக்கும். மாட்டியதும் காமிராவின் முகம் கீழே தாழும். இடக்கையால் வில்லையைத் தாங்கிப் பிடியுங்கள், அல்லது முக்காலியில் வையுங்கள். வில்லையை மாட்டியபடியே காமிராவைப் பையில் போட்டுத் தூக்கினால் மரை தேய்ந்துவிடும். சில காமிராக்களில் தெளிவைச் சரிசெய்யும் சிறு உணர்கருவி வில்லைக்கு அருகில், வெளிப்புறத்தில் இருக்கும். பெரிய வில்லை அதை மறைத்தால் படம் தெளிவுக்கு வராமல் தடுமாறும். அத்தகைய காமிராக்களில் சாதாரணத் தெளிவு முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நம் நாட்டு ஈரக் காற்றில் பூசணம் எளிதில் பிடிக்கும். ஆகவே, வேலை முடிந்ததும் மென்துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் வைப்பது நல்லது.

காசு செலவழிக்கும் முன் காசில்லாத வழிகளையும் சொல்லிவிடுகிறோம். அறையின் நடுச்சுவரில் சாய்ந்து எடுப்பதைவிட மூலையில் நின்று எடுங்கள். பத்தடிச் சதுர அறையில் மூலைக்கு மூலை பதினான்கு அடி; நான்கடி சும்மா கிடைக்கிறது. அதுவும் போதாவிட்டால் அஞ்சடியில் நின்று, திறந்த கதவு வழியாக உள்ளே எடுக்கலாம். 2019க்குப் பிறகு வந்த கைப்பேசிகள் பலவற்றில் அகலப் பார்வைக்கென்றே தனி வில்லை உள்ளது. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அறையையும் இடத்தையும் அதில் எடுத்துவிடுங்கள். தூரத்து மேடையைக் கிட்டே இழுத்து எடுக்க வீடியோ காமிராவை வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதை வைத்து முடிகிற வேலைக்குக் கடன் வாங்கிப் பொருள் வாங்க வேண்டியதில்லை.

வில்லை கிடைத்துவிட்டால் அதைப் பயன்படுத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். முகத்துக்கு மிக அருகில் கொண்டு போகாதீர்கள். மூக்கு பெரிதாகிக் காது சிறுத்துவிடும். வயதானவர்களைப் படத்தின் ஓரத்தில் நிறுத்தாமல் நடுவில் உட்கார வையுங்கள். காமிராவை இங்கும் அங்கும் ஓட்டாமல் ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியாவது அசையாமல் எடுங்கள். முதலில் இடம் முழுவதும் தெரிய ஒரு காட்சி, பிறகு ஒவ்வொருவராக. எடுக்கும்போதே, "இது நாலாம் லயம், மூன்றாவது வீடு, அதோ ஆயாக் கொட்டகை" என்று பேசிப் பதிவு செய்யுங்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் குரல் வழிகாட்டும்.

சுருக்கமாகச் சொன்னால், எண் 0.7ஐ ஒட்டி இருக்கட்டும். மரை அளவு பொருந்தட்டும். கிட்டே இழுத்தாலும் எழுத்துத் தெளிவாக இருக்கட்டும். கண்ணாடியில் பூசணம் இல்லாதிருக்கட்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால் துணிந்து வாங்கலாம். ஒன்று குறைந்தாலும் பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். வீடும் கோயிலும் இருக்கும்போதே எடுத்து வைப்போம்.