நமக்கு நாமே எழுதிய மடல்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அரசுத் தேர்வுக்குப் பத்து நாட்களே இருந்த ஒரு பிற்பகலில், எங்கள் தமிழாசிரியை ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் ஓர் உறையும் கொடுத்தார்கள். கடிதம் எழுதுங்கள் என்றார்கள். யாருக்கு என்று கேட்டோம். "பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிற உனக்கு" என்றார்கள். வகுப்பே சிரித்தது. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரைச் சேத்தூர்க் கடைத்தெருவில் என்ன சொல்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தனக்குத்தானே கடிதம் எழுதுகிறவரை என்ன சொல்வார்களோ! ஆனாலும் எழுதினோம். நாற்பத்திரண்டு உறைகள் ஒட்டப்பட்டு, மேலே பெயரும் திறக்க வேண்டிய தேதியும் எழுதப்பட்டு, ஒரு பழைய தகரப் பெட்டிக்குள் போயின. பெட்டி தலைமையாசிரியை சிஸ்டரின் அறைப் பீரோவுக்குள் போயிற்று. தேர்வு வந்தது, விடுமுறை வந்தது, நாங்கள் அதை மறந்தே போனோம்.

இவ்வாண்டு பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் பெட்டி திறக்கப்பட்டது. அன்று கண்டதையும், அதன்பின் இப்பழக்கத்தைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்ததையும் இளைய வகுப்புத் தங்கையருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுவோம். எங்கள் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன. "நீ இந்நேரம் நன்றாகப் படித்து முதல் மதிப்பெண் பெற்றிருப்பாய், மருத்துவராகிப் பெற்றோருக்குப் பெருமை சேர்க்கப் போகிறாய்" என்று ஆண்டுவிழா வரவேற்புரை போல எழுதியிருந்தோம். அவற்றைப் படிக்க எங்களுக்கே அலுப்பாக இருந்தது. ஆனால் ஒருத்தி மட்டும், அன்று மதியம் சத்துணவில் முட்டை போட்டது, அக்காளோடு சண்டையிட்டு மூன்று நாளாகப் பேசாமல் இருப்பது, கண்மாயில் தண்ணீர் வற்றிவிட்டது, கணக்கில் வடிவியல் மட்டும் ஏனோ தலையில் ஏறவில்லை என்பவற்றையெல்லாம் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அவள் கடிதத்தை எல்லாரும் வாங்கி வாங்கிப் படித்தோம். எதிர்காலத்தைப் பற்றி நாம் எழுதியது இரண்டே ஆண்டில் பழசாகிவிட்டது. அன்றைய நாளைப் பற்றி அவள் எழுதியதோ புத்தம் புதிதாக இருந்தது.

இது ஏன் இப்படி என்பதற்கு ஆராய்ச்சியாளர் ஒரு காரணம் சொல்கின்றனர். 2013-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் இதழில் குவாய்ட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 18 வயது முதல் 68 வயது வரையுள்ள பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டு அறிந்தது அது. கடந்த பத்தாண்டுகளில் நீங்கள் எவ்வளவு மாறினீர்கள் என்று கேட்டால், நிறைய மாறினோம் என்கின்றனர். வரும் பத்தாண்டுகளில் எவ்வளவு மாறுவீர்கள் என்று கேட்டால், இனி அதிகம் மாறமாட்டோம் என்கின்றனர். இளையோரும் முதியோரும் ஒன்றுபோல இத்தவற்றைச் செய்கின்றனர். இன்றைக்கு இருக்கிற நான்தான் முடிந்த முடிவு என்று ஒவ்வொரு வயதிலும் நமக்கு ஒரு மயக்கம். எனவேதான் பதினைந்து வயதில் நாம் எழுதும் கடிதம், பதினேழு வயதுக்காரிக்கு எழுதியதாக இல்லாமல், உயரம் கொஞ்சம் கூடிய அதே பதினைந்து வயதுக்காரிக்கு எழுதியதாக அமைந்துவிடுகிறது.

தன்னைத் தான் எழுதிப் பார்க்கும் பழக்கம் புதிதன்று. புனித இஞ்ஞாசியார் எழுதி 1548-இல் அச்சான 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூலில் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. திருத்திக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள். காலையிலிருந்து நண்பகல் உணவுவரை ஒரு கோடு, பின்பு இரவு உணவுவரை இன்னொரு கோடு. அக்குறையில் விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கோட்டின்மேல் ஒரு புள்ளி. பிறகு கோட்டைக் கோட்டோடும், நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆத்தும சோதனை என்று கேட்டதும் ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அது பால் கணக்கு நோட்டுப் போல இருப்பது வியப்பாக இருந்தது. நேற்றைய நான் இட்ட புள்ளியை இன்றைய நான் எண்ணிப் பார்க்கிறேன். இதுவும் ஒரு கடிதப் போக்குவரத்துத்தானே!

திருத்தந்தை 23-ஆம் அருளப்பரின் கதை இதைவிட நீண்டது. 1881-இல் இத்தாலியின் சோத்தோ இல் மோந்தே என்ற சிற்றூரில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்த ஆஞ்செலோ ரொங்கால்லி, 1895-இல் குருமட மாணவராக இருந்தபோது ஒரு குறிப்பேடு தொடங்கினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. நம்மில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவர்களின் வயது. ஆண்டுதோறும் தியானத்தின்போது தம் குறைகளையும் தீர்மானங்களையும் எழுதினார். குரு ஆனார், ஆயர் ஆனார், 1958-இல் திருத்தந்தை ஆனார். எழுதுவதை மட்டும் விடவில்லை. 1963-இல் அவர் இறந்தபின், அடுத்த ஆண்டு அக்குறிப்புகள் 'ஆன்மாவின் நாட்குறிப்பு' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. எங்களைத் தொட்டது என்னவெனில், சிறுவயதில் அவர் தம்மீது சாட்டிய குறைகள் மிகச் சாதாரணமானவை. அதிகம் பேசிவிடுகிறேன் என்பது அவற்றில் ஒன்று. (இக்குறை எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் உண்டு.) அவர் அப்பழைய ஏடுகளைக் கிழித்தெறியவில்லை. அறுபது ஆண்டு மூத்தவர் ஒருவர், பதினான்கு வயதுச் சிறுவனின் எழுத்தை வைத்துக் காத்தார். அந்தச் சிறுவனும் அவரேதான்.

பழைய தன்னைச் சந்திப்பது எப்போதும் இனிமையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1942 ஜூன் 12 அன்று தம் பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு நாட்குறிப்பேடு பெற்ற ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியை அனைவரும் அறிவோம். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த அவர், 1944 ஜனவரி 22 அன்று, ஒன்றரை ஆண்டுக்கு முன் தாம் எழுதிய பக்கங்களை எடுத்துப் படித்து, 1942 நவம்பர் மாதத்துப் பதிவு ஒன்றின் கீழ் ஒரு குறிப்புச் சேர்த்தார். அவ்வளவு அறியாப் பிள்ளையாகவா இருந்தோம் என்ற வியப்பும், இப்படியா வெளிப்படையாக எழுதினோம் என்ற வெட்கமும் அதில் உண்டு. ஆனால் வீட்டாரைப் பற்றிய மனத்தாங்கல்கள் மட்டும் நேற்று எழுதியவை போலவே புரிகின்றன என்கிறார். பழைய பக்கத்தை அவர் அழிக்கவில்லை, அதன் கீழே எழுதினார் என்பதுதான் முக்கியம். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் அவர் இறந்தார். பதினைந்தே வயது. இன்னொரு முறை கீழே எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

நாடுகளும் தமக்குத் தாமே கடிதம் எழுதுவதுண்டு. 1973 ஆகஸ்டு 15 அன்று தில்லிச் செங்கோட்டையில், சுதந்திர இந்தியாவின் வரலாற்றுச் சுருக்கம் அடங்கிய ஒரு கலம் பூமிக்கடியில் புதைக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு கழித்துத் திறக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அதில் என்ன எழுதியிருக்கிறது, யாரை உயர்த்தி யாரை விட்டார்கள் என்று பெருஞ் சர்ச்சை எழுந்தது. ஆட்சி மாறியதும் 1977 டிசம்பரில் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு எங்கே, நான்கு ஆண்டு எங்கே! பொறுமையில்லாமல் இடையில் உறையைக் கிழிக்கும் ஆசை நமக்கு மட்டும் அன்று என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதல் அடைந்தோம்.

இனி, எழுதுகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சில சொற்கள்.

இன்றைய நாளை எழுதுங்கள். தாளில் முக்கால் பங்கு அதற்கே போகட்டும். எது பயமாக இருக்கிறது, யாரோடு பேச்சில்லை, வீட்டில் எதைப் பற்றி இரவில் பேசிக்கொள்கிறார்கள், எந்தப் பாடம் புரியவில்லை என்பதெல்லாம் இரண்டு ஆண்டில் நினைவை விட்டே போய்விடும். இலக்கு எழுதுவதானால் அது கையில் பிடிபடும்படி இருக்கட்டும். கோல்விட்சர் என்னும் ஜெர்மானிய உளவியலார் நெடுங்காலம் ஆராய்ந்து சொன்னது இது: 'இன்னது செய்வேன்' என்ற வெறுந் தீர்மானத்தைவிட, 'இன்ன வேளை வந்தால் இன்னது செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைப்பது நிறைவேற வாய்ப்பு அதிகம். விடியற்காலையில் படிப்பேன் என்று எங்களில் பலர் எழுதினோம்; படித்தவர் சிலரே. "பால் வாங்கி வந்து அடுப்படியில் வைத்ததும் கணக்கு நோட்டை எடுப்பேன்" என்று எழுதிய ஒருத்தி எடுத்தாள். வடிவியல் தலையில் ஏறாத அதே பெண்தான் அவள்.

பேனாவைப் பற்றியும் ஒரு சொல். ஜெல் பேனாவால் எழுதிய இருவரது கடிதம், பீரோவில் ஈரம் பட்டதில் நீலக் குளமாகக் கிடந்தது. பால்பாயிண்ட் பேனா தாங்கியது. பென்சில் எழுத்து நன்றாகவே இருந்தது. ஏட்டுச் சுவடிகளைப் பூச்சி அண்டாதிருக்க நம் முன்னோர் வசம்பும் வேப்பிலையும் உடன் வைத்ததைத் தமிழாசிரியை சொன்னார்கள். எங்கள் பெட்டியில் இரண்டு துண்டு வசம்பு கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது.

பெட்டியில் நாற்பத்திரண்டு உறைகள். வகுப்பில் நாங்கள் முப்பத்தொரு பேர். மீதிப் பதினொரு பேரில் சிலர் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள். ஒருத்தி பாலிடெக்னிக்கில் இருக்கிறாள். நான்கு பேர் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். அவரவர் கடிதத்தை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டிரண்டு பேராகப் போனோம். கொடுத்த இடத்திலெல்லாம் சிரிப்பும் காப்பியும் கிடைத்தன. ஒரு தாயார், "எனக்கும் ஒரு தாள் கொடுங்கம்மா, நானும் எழுதி வைக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் அப்படி நடக்கவில்லை. எங்களோடு மூன்றாம் பெஞ்சில் இருந்தவள். சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் பேண்டேஜ் துணி வேலைக்குப் போகிறாள். அவள் தந்தைக்கு உடல்நிலை கெட்டது, மூத்தவள் அவள்தான். எங்களைக் கண்டதும் பாய் விரித்து உட்கார வைத்தாள். உறையை நீட்டியதும் முகம் மாறிவிட்டது. "அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும்டி. நர்ஸ் ஆகியிருப்பேன்னு எழுதியிருக்கேன். அத வேற நான் படிக்கணுமா? நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். நாங்கள் ஒன்றும் பேசத் தெரியாமல் உறையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

திரும்பும் வழியெல்லாம் மலை கூடவே வந்தது. எங்களில் ஒருவரும் பேசவில்லை. தன்னைத் தான் ஊக்குவிக்க எழுதிய கடிதம், அவளுக்குக் கடன்காரன் அனுப்பிய நோட்டீஸ் போல ஆகிவிட்டதே என்பதுதான் எங்கள் மனத்தில் ஓடிற்று. அவள் தவறு எதுவும் இல்லை. கடிதம் எழுதச் சொன்னதும் தவறில்லை. ஆனால் எழுதிய முறையில் ஒரு பிழை இருந்தது. நடக்கும் என்று மட்டுமே எல்லாரும் எழுதினோம். நடக்காவிட்டால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வோம் என்று ஒருத்தியும் எழுதவில்லை. தோழி ஒருத்திக்கு எழுதியிருந்தால் அதை மறந்திருக்கமாட்டோம்.

இதைத் தமிழாசிரியையிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இவ்வாண்டுப் பத்தாம் வகுப்பு மாணவியருக்குத் தாள் கொடுத்தபோது எங்களையும் உடன் அழைத்துச் சென்றார்கள். "ஆகியிருப்பாய் என்று எழுதாதீர்கள், ஆனாயா என்று கேளுங்கள்" என்று நாங்கள் சொன்னோம். கட்டளைக்குப் பதில் கேள்வி. அதன் கீழ், இல்லை என்று பதில் சொல்லப் போகிற அவளுக்கும் இரண்டு வரி. பின்பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்து, அந்த இரண்டு வரியில் என்ன எழுதுவது என்று கேட்டாள். எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. உன் அம்மா உனக்கு என்ன சொல்வார்களோ அதை எழுது என்று ஒருத்தி சொன்னாள். எங்கம்மா திட்டுவாங்க என்றாள் அவள். வகுப்பு சிரித்தது. பிறகு எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். மணி அடித்தும் சிலர் எழுந்திருக்கவில்லை.

புதிய உறைகள் அதே தகரப் பெட்டிக்குள், புது வசம்போடு, பீரோவுக்குள் போய்விட்டன. அவற்றுக்கு அடியில் எங்கள் வகுப்பின் உறை ஒன்றும் இருக்கிறது. அதன்மேல் எழுதியிருந்த தேதியைச் சிஸ்டர் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு தேதி எழுதாமல் வைத்திருக்கிறார்கள். அவள் கேட்கும் அன்று எடுத்துக் கொடுப்பதற்காகப் பீரோச் சாவி இருக்கும் இடத்தை எங்களில் இருவருக்குக் காட்டியும் இருக்கிறார்கள்.