முன்னே செல்லும் கப்பல் வழி தவறினால்...?
ஐந்து நிமிடங்களில் ஏழு போர்க்கப்பல்களைப் பலிகொண்ட ஹோண்டா முனை

"தலைவன் சொன்னால் தலைவணங்க வேண்டுமா, தவறு எனத் தெரிந்தால் தடுத்துப் பேச வேண்டுமா?" இவ்வாரத் தொலைக்காட்சி அரங்கில் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். வீட்டிலும் வேலையிடத்திலும் அன்றாடம் எழும் இந்தக் கேள்விக்குக் கடல் ஒருமுறை மிகக் கொடூரமான பதிலைச் சொல்லியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை அமைதிக் காலத்தில் சந்தித்த மிகப் பெரிய கப்பல் இழப்புகளில் ஒன்றான அந்தச் சம்பவத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இருபது நாட் வேகம்

1923ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, சனிக்கிழமை. அமெரிக்கக் கடற்படையின் பதினோராவது நாசகாரிக் கப்பல் அணியைச் சேர்ந்த 14 கப்பல்கள் காலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டன. கலிபோர்னியா கடலோரமாகவே தெற்கே சென்று சான் டியாகோவை அடைவது திட்டம். அணியின் தளபதி கேப்டன் எட்வர்ட் வாட்சன். அவர் ஏறியிருந்த தலைமைக் கப்பலின் பெயர் 'டெல்ஃபி'. அதன் கப்பல் தலைவரான டொனால்ட் ஹன்டர், வழிகணிக்கும் பொறுப்பையும் தானே ஏற்றிருந்தார்.

எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்கில் வேகப் பயணங்கள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. அன்று 20 நாட் வேகத்தில் செல்ல அனுமதி கிடைத்திருந்தது. மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர். கப்பல்களின் இயந்திரத் திறனைச் சோதிக்க அதுவே நல்ல வாய்ப்பு என்று கருதப்பட்டது. வேகத்தைக் குறைக்க யாருக்கும் மனமில்லை.

கணக்கை மட்டும் நம்பிய பயணம்

1923இல் ரேடார் கிடையாது. செயற்கைக்கோள் வழிகாட்டி என்பது கற்பனையிலும் இல்லை. கரை தெரியாதபோது மாலுமிகள் கணக்குப் போட்டுத்தான் இருக்குமிடத்தை அறிந்தார்கள். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் சென்றோம் என்பதைக் கொண்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். விளக்கு இல்லாத நெடுஞ்சாலையில், பெயர்ப்பலகை எதையும் பார்க்காமல், வேகமானியையும் கைக்கடிகாரத்தையும் மட்டும் வைத்து, "இந்நேரம் நாம் ஈப்போவைத் தாண்டியிருப்போம்" என்று சொல்வதைப் போன்றது இது.

சாலையாவது நகராது, கடல் நகரும். உந்துவிசிறி எத்தனை முறை சுழன்றது என்பதை வைத்து வேகம் கணக்கிடப்பட்டது. பெரிய அலையில் கப்பலின் பின்புறம் மேலெழும்போது விசிறி நீரைச் சரியாகத் தள்ளாது. சுழற்சி கணக்கில் ஏறும், தூரம் குறையாது. அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 1ஆம் தேதிதான், ஜப்பானில் ஒரு லட்சத்திற்கும் அதிகமானோரைப் பலிகொண்ட பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. கலிபோர்னியா கரையில் அன்று வழக்கத்திற்கு மாறான அலையும் நீரோட்டமும் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

முற்பகலில் பிஜியன் முனைக் கலங்கரை விளக்கத்தைக் கடந்த பிறகு, கப்பல்கள் இருக்குமிடத்தை உறுதிசெய்யக்கூடிய அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை. பல மணி நேரம் கணக்கு மட்டுமே வழிகாட்டியது.

காதில் விழுந்தும் ஏற்காத எச்சரிக்கை

உண்மையைச் சொல்ல ஒரு குரல் இருந்தது. ஆர்க்வெல்லோ முனையில் கடற்படையின் வானொலித் திசையறி நிலையம் இயங்கி வந்தது. கப்பல் வானொலிச் சைகை அனுப்பினால், அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அந்நிலையம் கூறும். அன்று மாலை அது சொன்ன செய்தி தெளிவானது: டெல்ஃபி இன்னும் அந்த முனைக்கு வடக்கே இருக்கிறது.

ஹன்டரின் கணக்கோ, முனையைத் தாண்டிவிட்டோம் என்றது. அக்காலத்துக் கருவிகளில் ஒரு குறை உண்டு. சைகை வரும் திசையை நேர் எதிராகக் காட்டிவிடும் வாய்ப்பு இருந்தது. அதனால், "வடக்கு என்று தவறாகக் காட்டுகிறது, நாம் தெற்கில்தான் இருக்கிறோம்" என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். புதிய கருவியின் குறை அறிந்திருந்ததே, அது சொன்ன உண்மையைத் தள்ளிவிடச் சாக்காகிப் போனது.

கடலின் ஆழத்தை அளந்து பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. நிலையம் ஒரு நேரத்தில் ஒரு கப்பலுக்கே பதில் தர முடியும் என்பதால், மற்றக் கப்பல்கள் தனித்தனியே திசை கேட்கவில்லை. ஆக, 14 கப்பல்களுக்கும் ஒரே ஒரு கணக்கு!

இரவு 9 மணி 5 நிமிடம்

கலிபோர்னியா கரை அந்தப் பகுதியில் திடீரெனக் கிழக்கே வளைகிறது. அந்த வளைவைத் தாண்டித் திரும்பினால் சாண்டா பார்பரா கால்வாய் எனும் அகன்ற கடல்வழி. வளைவுக்கு முன்பே திரும்பினாலோ, எதிரே கற்பாறைச் சுவர்.

இரவு 9 மணிக்கு டெல்ஃபி கிழக்கே திரும்பியது. மற்றவை வரிசையாகப் பின்தொடர்ந்தன. சிறிது நேரத்தில் அடர்ந்த மூடுபனி சூழ்ந்தது. 9 மணி 5 நிமிடத்திற்கு, முழு 20 நாட் வேகத்தில், டெல்ஃபி பாறையில் மோதியது. அது ஹோண்டா முனை. 'சாத்தானின் தாடை' என்று அழைக்கப்படும் கரை.

அடுத்து வந்த 'எஸ்.பி. லீ' விலக முயன்று கரையில் ஏறியது. 'யங்' கப்பலின் அடிப்பகுதியைப் பாறை கிழிக்க, ஒன்றரை நிமிடத்தில் அது பக்கவாட்டில் கவிழ்ந்தது. 'உட்பரி', 'நிக்கலஸ்', 'ஃபுல்லர்' ஆகியவையும் பாறைகளில் சிக்கின. யங் கப்பலுக்கு உதவ நெருங்கிய 'சான்சி'யும் கரைதட்டியது. 'ஃபராகட்', 'சோமர்ஸ்' இரண்டும் உரசிக்கொண்டு தப்பின. டெல்ஃபியின் அபாயச் சங்கொலியும் எச்சரிக்கைச் செய்திகளும் மற்றவற்றைக் காத்தன.

உயிரிழந்தோர் 23 பேர். அவர்களில் 20 பேர் யங் கப்பலைச் சேர்ந்தவர்கள். மூவர் டெல்ஃபியைச் சேர்ந்தவர்கள். யங் கப்பலில் இறந்தோரில் பெரும்பாலோர் கீழ்த்தளங்களில் இயந்திரம், கொதிகலன் பகுதிகளில் பணியில் இருந்தவர்கள். பாதையைத் தீர்மானித்ததில் அவர்களுக்குச் சிறிதும் பங்கில்லை.

இருளில் ஒரு கயிறு

கவிழ்ந்த யங் கப்பலின் எண்ணெய் படிந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு பல மாலுமிகள் தொங்கினார்கள். அதன் தலைவர் வில்லியம் கல்ஹூன், "குதிக்காதீர்கள், கப்பலோடு ஒட்டிக்கொள்ளுங்கள்" என்று தம் ஆட்களை நிலைநிறுத்தினார். ஆர்தர் பீட்டர்சன் என்ற மாலுமி ஒரு கயிற்றுடன் கொந்தளிக்கும் அலைக்குள் பாய்ந்து, சான்சி கப்பலை நோக்கி நீந்தினார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு மிதவை 11 முறை போய்வந்தது. 70 பேர் உயிர்பிழைத்தனர்.

அருகே தண்டவாளப் பணியில் இருந்த இரயில்வே தொழிலாளர்களும் பண்ணைவாசிகளும் ஓடிவந்து, செங்குத்தான பாறை உச்சியிலிருந்து கயிறு இறக்கி மாலுமிகளை மேலேற்றினார்கள்.

பழி யாருக்கு?

விசாரணைக்குப் பின் 11 அதிகாரிகள் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். வாட்சனும் ஹன்டரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, பணி மூப்பை இழந்தனர். இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாட்சன் பழியைத் தமக்குக் கீழிருந்தவர்கள் மீது தள்ளவில்லை. முழுப் பொறுப்பும் தம்முடையதே என்று ஏற்றுக்கொண்டார். "நான் அவனல்ல" என்று கைவிரிக்கும் தலைவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் விசாரணை இன்னொரு கேள்வியையும் எழுப்பியது. தலைவனைப் பின்பற்றுவது அணியின் விதி. அதே நேரத்தில், தன் கப்பலின் பாதுகாப்புக்கு அந்தந்தக் கப்பல் தலைவனே பொறுப்பு என்பதும் கடற்படையின் மரபு. இரண்டும் மோதும்போது எது பெரிது? வரிசையின் கடைசியில் வந்த நான்கு கப்பல்களின் பிரிவை வழிநடத்திய வால்டர் ரோப்பர், கண்ணை மூடிக்கொண்டு தொடரவில்லை. அவருடைய நான்கு கப்பல்களும் கீறலின்றித் தப்பின.

கருவி மாறினாலும் மனம்?

"இது நூறாண்டு பழங்கதை, இன்று கருவிகள் இருக்கின்றன" என்று சிலர் சொல்லக்கூடும். 2013 ஜனவரி 17ஆம் தேதி, அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' கப்பல் பிலிப்பைன்ஸின் துபத்தாஹா பவளப்பாறையில் ஏறியது. கணினி வரைபடத்தில் அந்தப் பாறை பல மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. வரைபடத்தையே அளவுக்கு மீறி நம்பியதும் ஒரு காரணம் என விசாரணை கூறியது. கப்பலை மீட்க வழியின்றி, துண்டு துண்டாக வெட்டித்தான் அகற்றினார்கள். அன்று கருவியை நம்பாமல் கெட்டார்கள்; பின்னர் கருவியை மட்டும் நம்பிக் கெட்டார்கள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே: நாம் நினைப்பது தவறாக இருக்கலாம் என்று ஒரு கணம் நின்று பாராமை.

ஹோண்டா முனை இன்று வாண்டன்பெர்க் விண்வெளிப் படைத்தள எல்லைக்குள் இருக்கிறது. டெல்ஃபியின் உந்துவிசிறி அருகிலுள்ள லொம்போக் நகரில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

அரங்கில் எழுந்த கேள்விக்கு இனி நாமே விடை காணலாம். தலைவனை மதிப்பது வேறு, வாய்மூடித் தொடர்வது வேறு. "ஐயா, ஒருமுறை சரிபார்த்துவிடலாமே" என்று பணிவோடு சொல்லும் துணிவு தொண்டனுக்கு வேண்டும். அதைக் காதுகொடுத்துக் கேட்கும் பெருந்தன்மை தலைவனுக்கு வேண்டும். எண்ணித் துணிவதற்கு வேகத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்தப் போய்த்தான் ஏழு கப்பல்களும் 23 உயிர்களும் போயின. சிந்திப்போம், வாசகர்களே!